பெரியப்பா பதில்கள்: சிவப்பு ஒயினும் முரட்டுச் சுருட்டும்

இத்தாலி பையர் வருகிறார். சிவப்பு ஒயினுக்கு முரட்டுச் சுருட்டு ஜோடி சேருமா என்று கேட்டார். முழித்தேன். என்ன சொல்லட்டும் பெரியப்பா?
*– ஷூ கம்பெனி மெர்ச்சண்டைசர், ஆம்பூர்*

ஒயினில் பழச்சுவை தூக்கலாகவும் துவர்ப்பு அடக்கமாகவும் இருந்தால் சேரும். இரண்டுமே முரடு என்றால் ரஜ்ஜு தட்டும். ஆர்டரில் கையெழுத்து விழும்வரை மட்டும், "எல்லாம் சேரும் சார்!"

துவர்ப்பு மேல் ஏன் இந்தக் கோபம்?
*– டேனரி வாரிசு, வாணியம்பாடி*

உங்கள் தாத்தாவுக்குத் தெரிந்த கதைதான். ஆவாரம்பட்டையிலும் கடுக்காயிலும் இருக்கும் டானின், தோலின் புரதத்தைப் பிடித்து இறுக்கும். திராட்சைத் தோலும் விதையும் ஒயினுக்குத் தருவதும் அந்த டானின் வகையறாதான். அது பிடிப்பது எச்சிலின் புரதத்தை. வாய் வறளும். மேற்கொண்டு சுருட்டுப் புகையும் உலர்த்தினால், நாக்கை நேராக ஏற்றுமதிக்கு அனுப்பலாம்.

அப்படியானால் எந்த ஒயின்? பெயர் சொல்லுங்கள்.
*– அவசரக்காரன், ராணிப்பேட்டை*

போர்ச்சுகலின் போர்ட். பாதி நொதிக்கும்போதே பிராந்தி ஊற்றி நிறுத்திவிடுவார்கள். திராட்சைச் சர்க்கரை மிச்சம் நிற்கும். ஆல்கஹால் 20 சதவீதம் வரை போகும். அந்த இனிப்பு சுருட்டின் கசப்பை மடக்கிவிடும். இனிக்கிறதே என்று டம்ளர் டம்ளராக ஊற்றினால் உங்களையும் மடக்கிவிடும்.

'ஃபுல் பாடி' சுருட்டு என்றால் தடியானதா?
*– ஒல்லிப்பிச்சான், மேல்விஷாரம்*

தடிமனுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. புகையின் கனம்தான் கணக்கு. செடியின் உச்சி இலைக்கு வெயில் அதிகம்; எண்ணெய்ப் பசையும் நிகோட்டினும் அதிகம். கியூபாவில் அதை லிஹெரோ என்பார்கள். உச்சியில் இருப்பவருக்குக் காரம் கூடுதல். உங்கள் ஆபீசிலும் அப்படித்தானே?

சுருட்டை உள்ளே இழுக்க வேண்டுமா?
*– கல்லூரி மாணவன், வேலூர்*

வேண்டாம். வாயிலேயே நிகோட்டின் ஊறிவிடும். வெறும் வயிற்றில் பிடித்தால் தலை சுற்றி, கோட்டை அகழி ரெண்டாகத் தெரியும். அது சரி, ஃபீஸ் கட்டிய அப்பாவுக்கு இந்தக் கேள்வி தெரியுமா தம்பி?

ஒயினில் 'தோல் மணம்' இருக்கிறது என்று விமர்சகர்கள் புகழ்கிறார்களே, நிஜமா?
*– தோல் மண்டிக்காரர், பேரணாம்பட்டு*

நிஜம். வயதான சிவப்பு ஒயினில் தோல், புகையிலை வாசமெல்லாம் எழும். சில சமயம் அது பிரெட்டனோமைசஸ் என்ற ஈஸ்டின் கைங்கரியம். கொஞ்சம் இருந்தால் பாராட்டு. கூடினால் குதிரை லாயம். ஆனால் அவர்கள் சொல்வது புது ஷூ டப்பா வாசம். உங்களுக்கு ஞாபகம் வந்தது சுண்ணாம்புத் தொட்டி வாசம். அதைச் சொன்னால் பாட்டில் விற்காது.

ஆம்பூர் பிரியாணிக்கு சிவப்பு ஒயின் பொருந்துமா?
*– சாப்பாட்டு ராமன், சென்னை*

மிளகாய்க் காரத்தோடு சேர்ந்தால் ஆல்கஹால் எரியும், துவர்ப்பு முரண்டு பிடிக்கும். சீரகச் சம்பாவுக்குக் கத்திரிக்காய் என்று எப்போதோ பேசி முடித்தாயிற்று. முடிந்த சம்பந்தத்தில் மூன்றாம் ஆள் எதற்கு?

சிவப்பு ஒயினை அறை வெப்பத்தில் பரிமாறச் சொல்கிறார்களே?
*– வேர்த்து விறுவிறுத்தவர், காட்பாடி*

அந்த அறை ஐரோப்பாவில் இருக்கிறது. 16 முதல் 18 டிகிரி. நம்மூர் மே மாத அறையில் வைத்தால் ரசம்தான். ஃபிரிட்ஜில் அரை மணி நேரம் வையுங்கள். சுருட்டுக்கோ 70 சதவீதம் ஈரப்பதம் வேண்டும். வெப்பம் 25 டிகிரியைத் தாண்டினால் புகையிலை வண்டுக்குக் கொண்டாட்டம். அக்னி நட்சத்திரத்தில் நீங்கள் பற்றவைக்குமுன் அது தின்று முடித்திருக்கும்.

சர்ச்சில் பிடித்தது திருச்சிச் சுருட்டாமே?
*– உறையூர் மாப்பிள்ளை, குடியாத்தம்*

மாமனார் ஊர்ப் பெருமை! திருச்சிக்காரர்கள் அப்படித்தான் சொல்வார்கள். திண்டுக்கல்லில் ஸ்பென்சர் கம்பெனி சுருட்டு ஆலையே நடத்தியது. நம் சரக்கு லேசுப்பட்டதல்ல. ஆனால் சர்ச்சில் 1895இல் கியூபா போனவர், மறுவருஷம்தான் பெங்களூர் ராணுவ முகாமுக்கு வந்தார். மனசு முன்னமே அங்கே போய்விட்டது. நம் சுதந்திரம்தான் பிடிக்கவில்லை, சுருட்டாவது பிடித்திருந்தால் சந்தோஷம்.

இந்த ராஜபோகத்தில் எங்கள் குடியாத்தத்துக்குப் பங்கு உண்டா?
*– இன்னொரு குடியாத்தம்*

தீப்பெட்டி உங்கள் ஊர்ச் சரக்காயிற்றே! குச்சியின் மருந்து எரிந்து தீரட்டும். மரம் எரியும்போது சுருட்டைக் காட்டுங்கள். இல்லையேல் முதல் இழுப்பு கந்தகம்தான். லுங்கியும் உங்கள் ஊர்தான். இரண்டுக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி நல்லது.

பீடிக்கு எந்த ஒயின் பெரியப்பா?
*– குறும்பன், பேரணாம்பட்டு*

உன் தெருவில் பீடி சுற்றும் அக்காக்களுக்கு ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்றுதான் கூலி. அந்தக் கூலிக்கு எந்த ஒயின் வரும் என்று கணக்குப் போட்டுச் சொல். நான் பதில் எழுதுகிறேன்.

மதுவும் சுருட்டும் வெள்ளைக்காரன் பழக்கம்தானே?
*– பண்பாட்டுக் காவலர், திருப்பத்தூர்*

ஊர் எல்லைக்குப் போய்ப் பாருங்கள். முனீஸ்வரனுக்கும் கருப்பசாமிக்கும் சாராயமும் சுருட்டும் சேர்த்துத்தான் படையல். ஒரே வித்தியாசம்: சாமி இரண்டையும் தொடாமல் ஊரைக் காக்கிறார். தொட்டவரை ஊர் காத்து வீட்டில் சேர்க்கிறது.

சங்ககாலத்தில் ஒயின் உண்டா?
*– தமிழாசிரியர், ஆற்காடு*

தெரிந்துகொண்டே ஆழம் பார்க்கிறீர்கள் ஐயா. புறநானூறு 56இல் பாண்டியன் நன்மாறனுக்கு யவனர் கொண்டுவந்த மதுவை நக்கீரர் பரிந்துரைக்கிறார். 1945இல் அரிக்கமேட்டைத் தோண்டிய வீலருக்கு மத்தியதரைக் கடல் நாட்டு மதுச்சாடிகளின் ஓடுகள் அகப்பட்டன. புகையிலை மட்டும் போர்ச்சுகீசியர் வரும்வரை இல்லை. பாண்டியன் இருமியதாக ஒரு பாட்டும் ஏன் இல்லை என்று புரிகிறதா?

தோல் பதனிட குரோம் வந்தபின் ஆவாரம்பட்டையை யார் சீந்துகிறார்கள்?
*– பழைய கை, ஆம்பூர்*

பட்டைக்கு வாரக்கணக்கு, குரோமுக்கு ஒரு நாள் போதும். அவசரத்தின் கணக்கு பாலாற்றில் ஏறியது. மாசுபடுத்தியவரே ஈடு கட்ட வேண்டும் என்று 1996இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2025 ஜனவரியில் மறுபடி சொல்ல வேண்டியிருந்தது. ஒயின்தான் பழசானால் மதிப்புக் கூடும். தீர்ப்புக்கு அந்த யோகம் இல்லை.

கெத்தாக பஸ் ஸ்டாண்டில் ஒரு சுருட்டைப் பற்றவைத்தால்?
*– ரஜினி ரசிகர், வாலாஜாபேட்டை*

2008 காந்தி ஜெயந்தியிலிருந்து பொது இடத்தில் புகைத்தால் 200 ரூபாய் வரை அபராதம். கியூபா சுருட்டுக்காரருக்கு அது சாம்பல் காசு, பீடிக்காரருக்கு நாள் செலவு. சட்டத்தின் முன் எல்லோரும் சமம் பாருங்கள்!

சிவப்பு ஒயின் இதயத்துக்கு நல்லதாமே. சுருட்டின் கெடுதலுக்கு அது ஈடாகாதா?
*– நம்பிக்கைவாதி, சத்துவாச்சாரி*

உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, மது, புகையிலை இரண்டையும் புற்றுநோய்க் காரணிகளின் முதல் வகுப்பில் பாஸ் பண்ணியிருக்கிறது. வாய், தொண்டை, உணவுக்குழாயில் இரண்டும் சேர்ந்தால் கூட்டல் அல்ல, பெருக்கல். ஜோடிப் பொருத்தம் கச்சிதமாக இருப்பது அங்கேதான்.

குடிக்காமல், புகைக்காமல் இவ்வளவும் எப்படி எழுதுகிறீர்கள்?
*– சந்தேகப் பிராணி, ஆம்பூர்*

ஜெர்மனிக்குப் போகும் ஷூவை உங்கள் ஊரில் தைக்கிறவர்கள், அதைப் போட்டுப் பார்த்துவிட்டா தைக்கிறார்கள்?