கொடைமடம்

மென்பொருள் வள்ளல்களே, உங்களைப் பாடாமல் யாரைப் பாடுவது? முல்லைக்கொடிக்குத் தேர் ஈந்த பாரியைக் கொடைமடம் பட்டவன் என்று இன்னும் கொண்டாடுகிறோம். ஒரே ஒரு தேர்! கானாவின் வடக்கே, தமாலே பக்கத்துச் சோளக்காட்டில் நிற்கும் ஒருவர், நாளை மழை உண்டா என்று போனில் தேடட்டும். பதில் நூறு பைட்டில் அடங்கிவிடும். நீங்கள் விடுவீர்களா? அழகழகான எழுத்துருக்கள், தானாக ஓடும் வீடியோ, அவர் யார், எவர் என்று மோப்பம் பிடிக்கும் நிரல்கள் என்று 2 எம்.பி.க்குக் குறையாமல் அள்ளிக் கொடுக்கிறீர்கள். டேட்டா பேக் அவர் காசு. ‘ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே’ என்று இதற்குப் பழமொழி சொல்கிறவர்கள் பொறாமைக்காரர்கள்.

உங்கள் வாக்குத் தவறாமையையும் சொல்ல வேண்டும். விண்டோஸ் 95-க்குக் குறைந்தது 4 ரேம் போதும் என்றீர்கள். 2021-ல் விண்டோஸ் 11 வந்தபோதும் அதே 4! அன்று மெகாபைட், இன்று கிகாபைட். ஆயிரம் மடங்கெல்லாம் ஒரு வித்தியாசமா? 2025 அக்டோபர் 14-ஆம் தேதி விண்டோஸ் 10-க்கும் விடைகொடுத்து, நன்றாக ஓடிக்கொண்டிருந்த கணினிகளுக்கு ஓய்வு தந்தீர்கள். லாகோஸின் இகேஜா கடைத்தெருவில் பழைய கணினியை வாங்கித் துடைத்துப் பிழைக்கும் கெட்ட பழக்கம் இனியாவது ஒழியட்டும்.

பாஸ்கல் மொழியைச் செய்த நிக்லாஸ் வீர்த் 1995-லேயே முணுமுணுத்தார்: வன்பொருள் வேகமாவதை மிஞ்சி மென்பொருள் மந்தமாகிறதாம். சிக்கனக்காரர் பேச்சு வள்ளல் காதில் ஏறுமா?

உங்களுக்குள்ளேயே ஒரு கஞ்சர் முளைத்த கதைதான் வேடிக்கை. யூடியூபில் வேலை பார்த்த கிறிஸ் ஜக்கரையாஸ், 1.2 எம்.பி. இருந்த வீடியோ பக்கத்தைச் செதுக்கிச் செதுக்கி 100 கே.பி.க்குள் கொண்டுவந்தார். சோதித்துப் பார்த்தால், பக்கம் திறக்கும் சராசரி நேரம் கூடிவிட்டது! காரணம், ஆப்பிரிக்காவிலும் தென்கிழக்காசியாவிலும் சைபீரியாவிலும் இருந்து புதிதாக ஆட்கள் நுழைந்திருந்தார்கள். அதுவரை அவர்களுக்குப் பக்கம் திறக்கவே 20 நிமிடம். இப்போது 2 நிமிடம்தான், அதனால் காத்திருந்து பார்த்தார்கள். கனத்த பக்கத்தின் அருமை அப்போதல்லவா புரிந்தது! நுழைய முடியாதவன் கணக்கில் வரமாட்டான். கணக்கு அழகாக இருக்கும். அவனுக்குக் கதவைத் திறந்த மனிதர் உங்கள் சராசரியையே கெடுத்துவிட்டார்.

அதற்காக ஏழை படும் பாடு தெரியாதவர்களா நீங்கள்? 2015-ல் ஃபேஸ்புக் நிறுவனம் செவ்வாய்க்கிழமை விரதம் தொடங்கியது. விருப்பப்பட்ட ஊழியர்கள் அன்று ஒரு மணி நேரம் 2ஜி வேகத்தில் தங்கள் ஆப்பைப் பார்க்கலாம். முழுசாக ஒரு மணி நேரம்! விரதம் முடிந்ததும் பாரணைக்கு அதிவேக வைஃபை. மற்ற ஆறு நாளும், ஏழாம் நாளில் மிச்சமுள்ள இருபத்து மூன்று மணி நேரமும் அந்த விரதத்தை உலகத்தில் எத்தனையோ பேர் உங்கள் சார்பில் இருந்துகொள்ள வேண்டியதுதான்.

தமாலேக்காரரின் போனில் வட்டம் இன்னும் சுற்றுகிறது. இதோ, ஏதோ வந்துவிட்டது. குக்கீ வைத்துக்கொள்ளச் சம்மதமா என்று கேட்டிருக்கிறீர்கள். என்ன பண்பு! அவர் சம்மதிக்காமல் எதையும் தொடமாட்டீர்கள், டேட்டா பேக் ஒன்றைத் தவிர.