ஜெய்சால்மர் ஹவுஸ் கைப்பக்குவம்

பெறுநர்:
ஒன்றிய சட்டம் மற்றும் நீதி அமைச்சகத்தின் நீதித்துறைப் பிரிவினர்,
ஜெய்சால்மர் ஹவுஸ், மான்சிங் சாலை, புது தில்லி.

2023 ஏப்ரல்

மாட்சிமை பொருந்திய ஐயன்மீர், அம்மையீர்,

2023 ஏப்ரல் 19, புதன்கிழமை அன்று, நீதிபதிகளின் நியமனத்தையும் மாற்றத்தையும் பரிந்துரைக்கும் மூத்த நீதிபதிகளின் குழுவான உச்ச நீதிமன்றக் கொலீஜியம் வெளியிட்ட அறிக்கையைப் படித்ததிலிருந்து, உங்களைப் பாராட்டி நாலு வரி எழுதாவிட்டால் சோறு இறங்காது என்றாகிவிட்டது. நீதிபதி எஸ். முரளிதரைச் சென்னை உயர் நீதிமன்றத்துக்குத் தலைமை நீதிபதியாக அனுப்புங்கள் என்று 2022 செப்டம்பர் 28-ஆம் தேதி பரிந்துரைத்தவர்கள், அந்தப் பரிந்துரையைத் தாங்களே திரும்பப் பெற்றுக்கொண்டிருக்கிறார்கள். ஏன், நீங்கள் மறுத்துவிட்டீர்களா? சேச்சே! நீங்கள் யாருக்கு என்ன மறுத்தீர்கள்? பதிலே வரவில்லையாம், அவ்வளவுதான். 2023 ஆகஸ்ட் 7-ஆம் தேதி அவர் ஓய்வு பெறுகிறார், நான்கு மாதம்கூட மீதி இல்லை, சென்னைக்கு நிரந்தரத் தலைமை நீதிபதி வேண்டுமே, அதனால் வேறு பெயரைச் சொல்கிறோம் என்று கொலீஜியமே கைகூப்பிக்கொண்டு வந்துவிட்டது.

203 நாள். ஒரு வார்த்தை பேசாமல் சாதித்திருக்கிறீர்கள்.

எங்கள் வீடுகளில் இது மாவடு பருவம். வடுவைக் கழுவித் துடைத்து, விளக்கெண்ணெய் தடவி, கல்லுப்பும் மிளகாய்த்தூளும் கடுகும் சேர்த்து ஜாடியில் போட்டு, வாயில் வெள்ளைத் துணியைக் கட்டி மூலையில் வைத்துவிடுவார்கள். பிறகு யாரும் எதுவும் செய்ய வேண்டியதில்லை. நாள் போகப் போக வடு தானாகச் சுருங்கும். உங்கள் அலுவலகத்திலும் அதே பக்குவம்தான் என்று எனக்கு இப்போதுதான் புரிந்தது. செப்டம்பரில் ஜாடிக்குள் போடும்போது நீதிபதி முரளிதருக்குப் பத்து மாதத்துக்கு மேல் பதவிக்காலம் பாக்கி இருந்தது. ஏப்ரலில் துணியை அவிழ்த்துப் பார்த்தால் நான்கு மாதத்துக்கும் குறைவு. கத்தி வைக்கவில்லை, அடுப்பு மூட்டவில்லை. உப்பும் பொறுமையும் மட்டுமே.

வேண்டாம் என்று எழுதியனுப்ப எந்தக் குமாஸ்தாவாலும் முடியும். ஆனால் அதில் உள்ள சங்கடம் உங்களுக்குத் தெரியாததா? வேண்டாம் என்றால் காரணம் எழுத வேண்டும். காரணம் எழுதினால் காகிதம் மிஞ்சும். 1993-லும் 1998-லும் உச்ச நீதிமன்றம் வகுத்துவைத்த முறைப்படி, நீங்கள் திருப்பி அனுப்பிய பெயரைக் கொலீஜியம் ஒருமனதாக மறுபடியும் வலியுறுத்தினால், மூக்கைப் பிடித்துக்கொண்டாவது கையெழுத்துப் போட்டாக வேண்டும். மறுப்பே வராத ஒன்றை அவர்கள் எப்படி மறுபடியும் வலியுறுத்துவார்கள்? ஜாடிக்கு யாரும் தடை உத்தரவு வாங்க முடியாது. அரசியல் சட்டத்தை எழுதியவர்களுக்கு ‘ஆம்’, ‘இல்லை’ என்ற இரண்டு அதிகாரங்கள்தான் தோன்றின. மூன்றாவதை நீங்கள் கண்டுபிடித்தீர்கள்.

உங்களுக்கு வேகமாக வேலை செய்யத் தெரியாது என்று சிலர் அவதூறு பேசுகிறார்கள். அதை நான் வன்மையாகக் கண்டிக்கிறேன். அதே செப்டம்பர் 28 கூட்டத்தில்தான் ஜம்மு காஷ்மீர் தலைமை நீதிபதி பங்கஜ் மித்தலை ராஜஸ்தானுக்கு மாற்றவும் பரிந்துரைத்தார்கள். அக்டோபரிலேயே கையெழுத்தாகிவிட்டது. ஒரே நாள், ஒரே கூட்டம். ஒரு பெயர் சுடச்சுட இலைக்கு வந்தது, இன்னொரு பெயர் ஜாடிக்குப் போனது.

இதைவிடப் பெரிய சாட்சி ஒன்று இருக்கிறது. அதுவும் இதே முரளிதர் கதைதான்.

2020 பிப்ரவரி, வடகிழக்கு தில்லி கலவரத்தில் எரிந்துகொண்டிருந்த நாட்கள். 25-ஆம் தேதி நள்ளிரவு தாண்டி, முரளிதர் வீட்டிலேயே அவசரமாக ஓர் அமர்வு கூடுகிறது. முஸ்தஃபாபாத்தில் ஒரு சிறிய மருத்துவமனை. அங்கிருந்து ஒரு டாக்டர் போனில் பேசுகிறார். இரண்டு பிணங்கள் இருக்கின்றன, காயம்பட்டவர்கள் 22 பேர், மாலை நான்கு மணியிலிருந்து போலீஸ் உதவி கேட்டுக்கொண்டிருக்கிறேன், யாரும் வரவில்லை என்கிறார். ஆம்புலன்ஸ் பாதுகாப்பாகப் போக வழி செய்யுங்கள் என்று காவல் துறைக்கு அந்த அகாலத்தில் உத்தரவு போகிறது. விடிந்தபின் உயர் நீதிமன்றத்தில் அடுத்த காட்சி. ஆளுங்கட்சிக்காரர் கபில் மிஸ்ராவின் பேச்சைப் பார்த்தீர்களா என்று போலீஸ் அதிகாரியைக் கேட்கிறார்கள். பார்க்கவில்லை என்கிறார் அதிகாரி. சரி, இங்கேயே பாருங்கள் என்று நீதிமன்ற அறையிலேயே வீடியோவை ஓடவிடுகிறார்கள். அன்று இரவே முரளிதரைப் பஞ்சாப்–ஹரியானா உயர் நீதிமன்றத்துக்கு மாற்றி உங்கள் அறிவிக்கை வந்துவிட்டது. கொலீஜியம் அந்த மாற்றத்தைப் பரிந்துரைத்தது பிப்ரவரி 12-ஆம் தேதி. அதற்கு எடுத்துக்கொண்டது இரண்டே வாரம். வீடியோவுக்கும் அறிவிக்கைக்கும் இடையே சில மணி நேரம். வழக்கமான நடைமுறைதான் என்று அப்போதைய அமைச்சர் விளக்கம் தந்தார். நம்பினோம். ஆளை வெளியே அனுப்பும் கோப்புக்கு உப்பே தேவைப்படாது போலும்.

மனதில் பட்டதைக் கேட்டுவிடுகிறேன். அவர் செய்த தவறு என்ன? ஹாஷிம்புராவில் வண்டியில் ஏற்றிக் கொண்டுபோய்ச் சுட்டுக் கொல்லப்பட்ட முஸ்லிம்களுக்காக, 31 வருடம் கழித்து 16 ஆயுதப்படைக்காரர்களுக்கு ஆயுள் தண்டனை கொடுத்த அமர்வில் இருந்தார். 1984 சீக்கியர் படுகொலை வழக்கில் காங்கிரஸ்காரர் சஜ்ஜன் குமாரை உள்ளே அனுப்பினார். அதற்கு நீங்கள்தான் அதிகமாகக் கைதட்டியிருக்க வேண்டும். சென்னையில் தலைமை நீதிபதியாக இருந்துவிட்டுப் போன ஏ.பி. ஷாவோடு உட்கார்ந்து 2009-இல் நாஸ் அறக்கட்டளை வழக்கில் தன்பாலின உறவு குற்றமல்ல என்று தீர்ப்பு எழுதினார். செயற்பாட்டாளர் கௌதம் நவ்லகாவை வீட்டுக்காவலிலிருந்து விடுவித்தார். ‘மை லார்ட்’ என்று கூப்பிட வேண்டாம் என்று வக்கீல்களிடம் கேட்டுக்கொண்டார். எந்தக் கட்சிக்காரர் எதிரே நின்றாலும் ஒரே மாதிரி பார்த்தார். அதுதானே உங்களுக்கு உறுத்துகிறது? 1984-இல் சென்னையில் தொழிலைத் தொடங்கிய மனிதர், அதே ஊர் உயர் நீதிமன்றத்தின் தலைமை நாற்காலியில் பத்து மாதம் உட்கார்ந்தால் உங்களுக்கு என்ன குடி முழுகிவிடும்? அதைச் சொல்லக்கூட வாய் வராமல் 203 நாள் ஒளிந்துகொண்டிருந்ததற்குப் பெயர் அரசாங்கமா?

மன்னிக்க வேண்டும். காரம் தூக்கலாகிவிட்டது. மாட்சிமை பொருந்திய உங்களிடம் இப்படிப் பேசலாமா? எல்லாம் மாவடு வாசனை செய்கிற வேலை.

பரிந்துரை திரும்பப் போனதோடு உங்கள் ஜாடி காலியாகிவிட்டதாக யாரும் தப்புக்கணக்குப் போட வேண்டாம். சென்னையில் 2022 செப்டம்பரிலிருந்து நீதிபதி டி. ராஜாதான் பொறுப்புத் தலைமை நீதிபதி. நவம்பரில் அவரையும் ராஜஸ்தானுக்கு மாற்றச் சொல்லிக் கொலீஜியம் எழுதியது. அதுவும் ஊறிக்கொண்டிருக்கிறது. அவர் மீது எனக்கு ஒரு குறையும் இல்லை. 1862-இல் தொடங்கிய நீதிமன்றம், 75 நீதிபதிகளுக்கான இடம், ஏழு மாதமாக ‘பொறுப்பு’ என்ற ஒட்டுச்சீட்டோடு ஓடுகிறது என்பதுதான் குறை. பொறுப்பில் இருப்பவர் எந்தப் பெரிய முடிவையும் தயங்கித்தான் எடுப்பார். நாளைக்கு யார் வந்து எதை மாற்றுவார்களோ? பாரிமுனைச் சிவப்புக் கட்டடத்துக்குள் வாய்தாவுக்கு வந்து நிற்கிற ஜனங்களுக்கு இதெல்லாம் தெரியாது. தெரியாமல் இருப்பதும் உங்களுக்கு வசதிதான்.

இன்னொரு பலகாரத்தையும் சொல்லாமல் விட்டால் நன்றி கொன்றவனாவேன். 2023 ஜனவரி 17. வக்கீல் ஆர். ஜான் சத்யனைச் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதியாக்க வேண்டும் என்று கொலீஜியம் மறுபடியும் வலியுறுத்தியது. பிரதமரை விமர்சித்து வெளிவந்த ஒரு கட்டுரையை அவர் பகிர்ந்தார் என்று உளவுத்துறை எழுதியிருந்ததாம். அது ஒரு தகுதிக்குறைவு இல்லை என்று கொலீஜியம் சொன்னது. அன்றே பரிந்துரைத்த மற்ற சிலரைவிட அவருக்கு முன்னுரிமை கொடுங்கள் என்றும் சொன்னது. அந்த மற்றவர்களில் ஒருவர் பா.ஜ.க. மகளிரணியில் தேசியப் பொறுப்பில் இருந்த எல். விக்டோரியா கௌரி. பிப்ரவரி 6-ஆம் தேதி அவர் நியமனம் அறிவிக்கப்பட்டது. மறுநாள் காலை தில்லியில் உச்ச நீதிமன்றம் அந்த நியமனத்தை எதிர்த்த மனுவைக் கேட்டுக்கொண்டிருக்கும்போதே சென்னையில் அவர் உறுதிமொழி எடுத்துவிட்டார். 2023 ஏப்ரலிலும் சத்யன் ஜாடியில்தான் இருக்கிறார்.

கோப்பின் மேல் அரசு உட்கார்ந்திருக்கிறது என்று சொல்லாதீர்கள், அப்படியானால் எங்களுக்குக் கோப்பே அனுப்பாதீர்கள், நீங்களே நியமித்துக்கொள்ளுங்கள் என்று சட்ட அமைச்சர் கிரண் ரிஜிஜு 2022 நவம்பரில் ஒரு மேடையில் கோபித்துக்கொண்டார். அமைச்சர் சொன்னது சரிதான். நீங்கள் எங்கே உட்கார்ந்தீர்கள்? துணியைக் கட்டி மூலையில் வைத்தீர்கள். இரண்டும் ஒன்றா?

இந்தக் கைப்பக்குவம் ஒரே நாளில் வந்ததில்லை என்பதும் எனக்குத் தெரியும். அரசியல் சட்டத்தின் அடிப்படைக் கட்டமைப்பை நாடாளுமன்றமும் மாற்ற முடியாது என்ற கேசவானந்த பாரதி தீர்ப்புக்கு 2023 ஏப்ரலில் 50 வயது. 1973 ஏப்ரல் 24 அன்று தீர்ப்பு வந்தது. மறுநாளே இந்திரா காந்தி அரசு ஷெலத், ஹெக்டே, குரோவர் என்ற மூன்று மூத்த நீதிபதிகளைத் தாண்டி ஏ.என். ரேயைத் தலைமை நீதிபதியாக அறிவித்தது. மூவரும் ராஜினாமா செய்தார்கள். மக்களவையில் எழுந்து நின்று அதை நியாயப்படுத்தியவர் நம் ஊர்க்காரரான மத்திய அமைச்சர் மோகன் குமாரமங்கலம். நீதிபதியின் தத்துவம் என்ன என்று பார்க்கத்தான் பார்ப்போம் என்று முகத்துக்கு நேரே சொன்னார். 1977 ஜனவரியில் அடுத்த பலி எச்.ஆர். கன்னா. நெருக்கடிநிலையிலும் உயிருக்கு உரிமை உண்டு என்று தனியாளாகத் தீர்ப்பு எழுதிய பாவத்துக்கு அவரைத் தாண்டி எம்.எச். பெக் வந்தார். அந்தக் காலத்துக் காங்கிரஸ்காரர்கள் வடுவைப் பச்சையாகவே கடித்தார்கள். பல் கூசியது, உதடு வெந்தது, நாடே பார்த்தது, தேர்தலில் பலனையும் அனுபவித்தார்கள். நீங்கள் அவர்களிடம் பாடம் படித்தவர்கள், அவர்களைவிடக் கெட்டிக்காரர்கள். முரளிதரை யார் தடுத்தது என்று நாளைக்கு ஒரு மாணவன் ஆராய்ச்சி செய்தால் அவனுக்கு ஒரு கையெழுத்துகூடக் கிடைக்காது.

கொலீஜியத்தாருக்கும் இதில் பங்கு உண்டு, அதை மறைப்பானேன்? நீதிபதி அகில் குரேஷியை 2019 மே மாதம் மத்தியப் பிரதேசத்துக்குத் தலைமை நீதிபதியாக்கச் சொன்னார்கள். நீங்கள் ஊறப்போட்டீர்கள். அவர்களே இறங்கிவந்து திரிபுராவுக்கு மாற்றினார்கள். 2010-இல் அமித் ஷாவை சி.பி.ஐ. காவலுக்கு அனுப்பியவர் குரேஷி என்பதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்று நான் நம்பத் தயார். சென்னையிலிருந்து தலைமை நீதிபதிகள் தஹில்ரமாணியையும் சஞ்ஜிப் பானர்ஜியையும் மேகாலயாவுக்கு, நாட்டின் மிகச் சிறிய உயர் நீதிமன்றங்களில் ஒன்றுக்கு, அனுப்பச் சொன்னதும் கொலீஜியம்தான். முன்னவர் ராஜினாமா செய்துவிட்டுப் போனார். பின்னவர் தேர்தல் ஆணையத்தைக் கடிந்து பேசிய ஆண்டிலேயே மூட்டை கட்டினார். காரணம் என்ன என்று இன்றுவரை ஊருக்குச் சொல்லவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு முடிவெடுப்பவர்கள், எதிர்வீட்டுக்காரர் கதவைச் சாத்திக்கொண்டால் யாரிடம் போய் முறையிடுவது? நீங்கள் ஊறவைப்பதற்கு வாகாகக் காம்பு கிள்ளித் தருவதே அவர்கள்தானோ என்று சில சமயம் தோன்றுகிறது.

போகட்டும். ஒரு சின்ன விண்ணப்பத்தோடு முடித்துக்கொள்கிறேன். முரளிதருக்குப் பதிலாக, 2023 ஏப்ரலில் பம்பாய் உயர் நீதிமன்றத்தின் பொறுப்புத் தலைமை நீதிபதியாக இருக்கும் எஸ்.வி. கங்காபூர்வாலாவின் பெயரைச் சொல்லியிருக்கிறார்கள். அந்தக் கோப்பு இந்நேரம் உங்கள் மேசைக்கு வந்திருக்கும். அவர் 2024 மே 23 அன்று ஓய்வு பெறுகிறார். சென்னையில் பொறுப்பில் இருப்பவர் 2023 மே 24 அன்று ஓய்வு பெறுகிறார். அதற்குள் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் ரசிகன்