கடலாட வரும் சாமிகள்

கேள்வி: மாசி மகத்தன்று சாமிகள் வைத்திக்குப்பம் கடலுக்கு வருகிறார்களே, இந்த வழக்கம் பிரெஞ்சுக்காரர் காலத்தில் வந்ததா?
– ஒரு வாசகர், முத்தியால்பேட்டை

பதில்: பிரெஞ்சுக்காரர் புதுச்சேரியில் கால் வைத்தது 17-ஆம் நூற்றாண்டில். மயிலாப்பூரில் மாசி மாதக் கடலாட்டு நடந்ததை 7-ஆம் நூற்றாண்டிலேயே சம்பந்தர் பாடிவிட்டார். ஆயிரம் வருஷ சீனியாரிட்டி நம் சாமிகளுக்குத்தான்!

நாள் குறித்தது வானம். மாசியில் சூரியன் கும்ப ராசியில் நிற்கும். பௌர்ணமிக்கு நிலா அதற்கு நேர் எதிரே, சிம்மத்தில் இருந்தாக வேண்டும். மக நட்சத்திரம் இருப்பது அங்கேதான். வியாழனும் சிம்மத்துக்கு வந்து சேர்ந்தால் கும்பகோணத்தில் மகாமகம். போன முறை 2016-ல் நடந்தது, அடுத்தது 2028-ல்.

கதையும் உண்டு. பாவத்தால் கட்டுண்டு கடலுக்குள் கிடந்த வருணனைச் சிவபெருமான் விடுவித்த நாள் இது என்கிறது புராணம். எனக்கு அதைவிடப் பிடித்தது திருவண்ணாமலைக் கதை. பிள்ளையில்லாத வல்லாள மகாராஜாவுக்கு அண்ணாமலையாரே மகனாகி, மாசி மகத்தன்று பள்ளிகொண்டாப்பட்டு ஆற்றங்கரையில் ஆண்டுதோறும் திதி கொடுக்கிறார். கடவுளே தவறவிடாத கடமை!

வைத்திக்குப்பத்துக்கு மயிலம் முருகன் மலையிறங்கி வருகிறார். கோயிலுக்குப் போக முடியாத முதியவருக்கும், வலையை உலர்த்திவிட்டு நிற்கும் மீனவருக்கும் ஒரே மணலில் பல ஊர்ச் சாமிகளின் தரிசனம். இதைவிடப் பெரிய திருவிழா நம் ஊருக்கு இல்லை என்பேன். குடும்பத்தோடு போங்கள், கொண்டுபோகும் பிளாஸ்டிக் பையை மட்டும் மறக்காமல் வீட்டுக்கே திருப்பி எடுத்து வாருங்கள்.