0 முதல் 7 வரை: நூல்பருமன் அட்டவணை குறித்து ஒரு பணிவான விண்ணப்பம்

அனுப்புநர்: குரோஷா ஊசியைப் புதிதாகக் கையில் எடுத்து, நூல் கடைகளில் நெடுநேரம் நிற்போர்.

பெறுநர்: கிராஃப்ட் யார்ன் கவுன்சில், அமெரிக்க ஐக்கிய நாடுகள்.

பொருள்: நூலின் பருமனை எண்ணால் குறிக்கும் அட்டவணையைப் பாராட்டுதலும், அதில் விளங்காதவற்றை வினவுதலும் தொடர்பாக.

பார்வை: நூல்கண்டு லேபிளின் முன்புறம், பின்புறம் (பூதக்கண்ணாடி வழியே).

மதிப்பிற்குரிய கவுன்சிலுக்கு,

நூலாலைகளும் கடைக்காரர்களும் பின்னல் புத்தகம் வெளியிடுவோரும் ஒரே பருமனுள்ள நூலுக்கு ஊருக்கொரு பெயர் வழங்கிவந்த குழப்பத்தை ஒழிக்கும் பொருட்டு, மிக மெல்லிய லேஸ் நூலுக்கு 0 என்றும், விரல் தடிமனுக்கு வீங்கி நிற்கும் ஜம்போ நூலுக்கு 7 என்றும், இடைப்பட்டவற்றுக்கு 1 முதல் 6 வரையும் எண்ணிட்டு, அந்த எண்ணை ஒரு சிறிய நூல்கண்டுப் படத்துக்குள் பொதிந்து லேபிளில் அச்சிட வழிசெய்த கவுன்சிலின் தொண்டு போற்றத்தக்கது என்பதில் விண்ணப்பதாரர்களுக்கு ஐயமில்லை. கவுன்சில் என்பது நூல் தொழிலைச் சார்ந்தோரின் வணிகச் சங்கமேயன்றி அரசு அமைப்பு அன்று என்பதும், அதன் அட்டவணைக்கு எவரும் கட்டுப்பட்டாக வேண்டும் என்ற சட்டம் ஏதுமில்லை என்பதும் உண்மையே. ஆயினும், லேபிளில் ஓர் எண் அச்சாகிவிட்டால் அதற்கு வேதவாக்கின் கனம் வந்துவிடுகிறது என்பதையும், அக்கனத்தைச் சுமப்பவர்கள் பெரும்பாலும் புதியவர்களே என்பதையும் கவுன்சில் கருணையுடன் கவனிக்க வேண்டும்.

அட்டவணையின் அடித்தளமாக அமைவது கேஜ் எனப்படும் அடர்வுக் கணக்காகும். அதாவது, குறிப்பிட்ட நூலையும் ஊசியையும் கொண்டு ஒரு மாதிரிச் சதுரம் பின்னி, அதில் நான்கு அங்குல அகலத்துக்குள் எத்தனை கண்ணிகள் அடங்குகின்றன என்று எண்ணிப் பார்ப்பது. குரோஷாவைப் பொறுத்தவரை 2 ஆம் வகை நூலுக்கு 16 முதல் 20 கண்ணிகள், 3 ஆம் வகைக்கு 12 முதல் 17, 4 ஆம் வகைக்கு 11 முதல் 14, 5 ஆம் வகைக்கு 8 முதல் 11 என்பது கவுன்சிலின் கணிப்பு. இதன்படி, நான்கு அங்குலத்துக்கு 13 கண்ணிகள் தரும் நூல் மூன்றாகவும் இருக்கலாம், நான்காகவும் இருக்கலாம். 16 தருவது இரண்டிலும் மூன்றிலும் இடம்பெறும். 11 தருவதற்கு நான்கிலும் ஐந்திலும் உரிமை உண்டு. ஒரே வாக்காளர் இரு தொகுதிகளின் பட்டியல்களில் இடம்பெறுவதைச் சட்டம் அனுமதிக்காத நாட்டில் வாழ்வோருக்கு இந்தத் தாராளம் முதலில் திகைப்பூட்டுவது இயல்பே. இவையெல்லாம் வழிகாட்டுதல்கள் மட்டுமே என்று அட்டவணையின் அடியில் ஒரு குறிப்பு காணப்படுகிறது. எல்லாவற்றுக்கும் மேலாகப் பின்னல் குறிப்பில் சொல்லப்பட்ட கேஜையே பின்பற்றுமாறு புதியவருக்கு அறிவுரை கிடைக்கிறது. பின்னல் குறிப்பைத் திறந்தால், 4 ஆம் வகை நூல் எதையேனும் எடுத்துக்கொள்ளுமாறு அது அட்டவணைக்கே திருப்பி அனுப்புகிறது. இரண்டு அலுவலகங்கள் ஒரு மனுவை ஒன்றுக்கொன்று அனுப்பிக்கொண்டேயிருக்கும் இம்முறை தமிழ் வாசகருக்குப் புதிதன்று என்பதால், இதில் அவர் வீட்டுச் சூழலை உணரக்கூடும்.

கேஜ் என்பது கை ஒரு நிலைக்கு வந்துவிட்டவர்களுக்கான அளவுகோல் என்பது பேசப்படாமலே போய்விடுகிறது. புதியவரின் கை முதல் வரிசையில் நூலை அஞ்சி இறுகப் பிடிக்கிறது, பத்தாவது வரிசைக்குள் துணிவுகொண்டு தளர்கிறது, இடையில் ஓரக் கண்ணி ஒன்றிரண்டை விட்டுவிடவும் செய்கிறது. ஆகவே சதுரமாகத் தொடங்கிய மாதிரித் துண்டு சரிவகமாக முடிகிறது. அந்தச் சரிவகத்தின் எந்தப் பக்கத்தில் அளவுநாடாவை வைப்பது என்பதற்கு அட்டவணையில் விடையில்லை. கண்ணியின் பெயரிலும் சிக்கல் உண்டு: அமெரிக்கப் புத்தகம் சிங்கிள் குரோஷே என்று சொல்லும் அதே கண்ணியைப் பிரிட்டிஷ் புத்தகம் டபுள் குரோஷே என்று அழைப்பதால், எந்த நாட்டுப் புத்தகம் என்று பாராமல் பின்னத் தொடங்கியவரின் துண்டு உயரத்தில் ஏறத்தாழ இரு மடங்காகிவிடுகிறது.

எண்களோடு நிறுத்தாமல் ஒவ்வொரு வகைக்கும் கவுன்சில் தந்துள்ள வழக்குப் பெயர்களும் ஆய்வுக்குரியவை. 1 ஆம் வகையில் சாக், பேபி என்ற பெயர்கள் உள்ளன. காலுறையும் குழந்தையும் ஒரே பருமன் என்பதே இதன் பொருள். பேபி என்று எழுதப்பட்ட நூல் குழந்தையின் தோலுக்கு இதமானது என்று எவரும் உறுதியளிக்கவில்லை. 4 ஆம் வகையிலோ இங்கிலாந்தின் நார்ஃபோக் வட்டாரக் கிராமம் ஒன்றின் பெயரிலிருந்து வந்த வொர்ஸ்டெட், அயர்லாந்தின் மேற்குக் கரைக்கு அப்பாலுள்ள தீவுக்கூட்டத்தின் பெயரான ஆரன், ஒருவகைப் போர்வையைக் குறிக்கும் ஆஃப்கன் ஆகிய மூன்றும் ஒரே கூரையின்கீழ் குடியிருக்கின்றன. வொர்ஸ்டெட்டைவிட ஆரன் சற்றுப் பருத்தது என்பதைப் பழகிய விரல்கள் அறியும், எண் அறியாது.

எண்கள் ஓடும் திசை பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டியுள்ளது. கோயம்புத்தூர், திருப்பூர் வட்டாரங்களில் நூலோடு பழகியவர்கள் கவுண்ட் என்ற கணக்கில் வளர்ந்தவர்கள். 840 கெஜம் நீளமுள்ள சிட்டங்கள் எத்தனை சேர்ந்தால் ஒரு பவுண்டு எடை வருமோ அந்த எண்ணிக்கையே பருத்தி நூலின் கவுண்ட் என்பதால், 20 ஆம் நம்பர் நூலைவிட 40 ஆம் நம்பர் நூல் மெல்லியது. குரோஷா வேலைக்கென விற்கப்படும் மெல்லிய பருத்தி நூலிலும் இதே போக்கு தொடர்கிறது: 10, 20, 40 என்று எண் ஏற ஏற நூல் இளைக்கும். கவுன்சிலின் அட்டவணையில் எண் ஏற ஏற நூல் கொழுக்கும். ஊசியிலோ இரண்டு திசைகளும் உண்டு. அலுமினிய, பிளாஸ்டிக் ஊசிகளில் எண் கூடினால் ஊசி தடிக்கும், லேஸ் வேலைக்கான எஃகு ஊசிகளில் எண் கூடினால் ஊசி மெலியும். என்/பி-15 என்று ஓர் ஊசிக்குப் பெயர். அதன் பருமன் 10 மில்லிமீட்டர். எழுத்தும் எண்ணும் தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் மாறக்கூடும் என்பதால் மில்லிமீட்டரையே நம்ப வேண்டும் என்று கவுன்சிலே அறிவுறுத்துகிறது; நம்பக்கூடாத ஒன்றை முதலில் பெரிதாகவும் நம்பவேண்டியதைப் பக்கத்திலும் அச்சிடும் மரபின் காரணம் மட்டும் புலப்படவில்லை.

இவற்றையெல்லாம்விட வெப்பநாட்டு விண்ணப்பதாரர்களின் நெஞ்சை உறுத்துவது பூஜ்யம் பற்றிய செய்தியாகும். தமிழ் வீடுகளில் தொலைக்காட்சிப் பெட்டியின்மேல் விரிக்கப்பட்ட வட்ட விரிப்பும், தலையணை உறையின் ஓரப் பூவேலையும், மேசை விரிப்பும் மெல்லிய பருத்தி நூலில் பின்னப்பட்டவை. 19 ஆம் நூற்றாண்டில் ஸ்காட்லாந்து மிஷனரிகள் வழியாக ஆந்திரக் கோதாவரிக் கரையின் நரசாபூரில் வேரூன்றி, மரியா மீஸ் 1982இல் வெளியிட்ட நூலின் வழியே உலக ஆய்வாளர்களின் கவனத்தைப் பெற்று, 2024இல் புவிசார் குறியீடும் பெற்ற குரோஷா லேஸ் தொழிலும் பருத்தி நூலையே சார்ந்தது. கவுன்சிலின் கணக்கில் 10 ஆம் எண் குரோஷா நூல் பூஜ்யம். அதைவிட மெல்லிய 20ம் 40ம் அதற்குக் கீழே போக இடமின்றி அதே பூஜ்யம். குளிர்நாட்டுப் போர்வைக்கும் கம்பளிச் சட்டைக்கும் உரிய பருமன்கள் ஒன்று முதல் ஏழு வரை விரிந்து பரந்து கிடக்க, மே மாதத்து மதுரையில் கையில் வைத்துப் பின்னக்கூடிய நூல்கள் அனைத்தும் ஒரே எண்ணுக்குள் நெருக்கியடித்து அமர்ந்திருக்கின்றன. பூஜ்யத்தை உலகுக்கு வழங்கிய நாட்டுக்கு அதுவே திருப்பி அனுப்பப்பட்டிருப்பதைப் பெருமையாகக் கொள்வதா என்பதைக் கவுன்சிலே தெளிவுபடுத்த வேண்டும்.

பருமனுக்கு எண் தந்த கவுன்சில், இழையின் இயல்பைப் பற்றிப் பேச அந்த எண்ணுக்கு வாய் தரவில்லை. தமிழ்நாட்டுக் கடையில் உல்லன் நூல் என்று கேட்டால் எடுத்து நீட்டப்படுவது பெரும்பாலும் அக்ரிலிக், அதாவது பெட்ரோலிய வழிவந்த செயற்கை இழை. ஆட்டுக்கும் அதற்கும் தொடர்பில்லை. பின்னிப் பழகுவதற்கு அது மலிவானது, இழுத்தால் சற்று நெகிழ்ந்து கொடுப்பது, துவைப்பதற்கு எளியது என்பதெல்லாம் மறுக்க முடியாத நன்மைகள். ஆனால் லேபிளில் 4 என்று கண்டு, அதே 4 எண்ணுள்ள பருத்தி நூலுக்கு மாற்றாக அதைக்கொண்டு அடுப்படியில் பாத்திரம் இறக்கும் பிடிதுணி பின்னியவர், சூடான வாணலியின் காதில் நூல் உருகி ஒட்டிக்கொள்ளும்போதுதான் எண்கள் பேசாத உண்மையை அறிகிறார். பருத்தி உருகாது, ஆனால் நெகிழ்வில்லாமல் விரலை நோகச் செய்யும், நனைந்தால் கனக்கும். காஸ்டிக் சோடாவில் முக்கிப் பருத்தியைப் பதப்படுத்தும் முறையை ஜான் மெர்சர் என்ற ஆங்கிலேயர் 1844இல் கண்டறிந்தார். இழுவிசையோடு அவ்வாறு பதப்படுத்திய மெர்சரைஸ்டு பருத்தி பளபளப்பும் சாயப்பிடிப்பும் கூடி, கண்ணிகளைத் துலக்கமாகக் காட்டும். உண்மையான கம்பளியோ வெந்நீரில் அலசிக் கசக்கினால் அதன் மயிரிழைகளின் செதில்கள் ஒன்றோடொன்று கொளுவிச் சுருங்கி, பெரியவருக்குப் பின்னிய தொப்பியைப் பொம்மைக்கு உரியதாக்கிவிடும். இத்தனை வேறுபாடுகளும் ஒரே எண்ணின்கீழ் அமைதியாக உறங்குகின்றன.

லேபிள் கழன்றுபோன நூலின் இழை எதுவென்று அறியப் பழையவர்கள் கைக்கொள்ளும் வழி தீக்குச்சியாகும். நூலின் நுனியை இடுக்கியில் பிடித்துக் கொளுத்தினால், பருத்தி காகிதம் எரியும் வாடையுடன் எரிந்து மென்சாம்பலாகும். கம்பளி முடி பொசுங்கும் நாற்றத்துடன் தயங்கி எரிந்து, நசுக்கினால் பொடியாகும் கரியை விடும். அக்ரிலிக் உருகிச் சொட்டிக் கறுத்த கெட்டி மணியாக உறையும். பொழுதுபோக்காகப் பூவேலை கற்க வந்தவர் தடயவியல் பயின்று வெளியேறும் இந்தப் பாடத்திட்டத்துக்கும் கவுன்சில் ஒரு சான்றிதழ் வழங்கலாம்.

எடைக்கும் நீளத்துக்கும் இடையிலுள்ள ஊடலும் கவனிக்கத்தக்கது. பின்னல் விழுங்குவது நீளத்தை. கடை விற்பது 50 கிராம், 100 கிராம் என்ற எடையை. பருத்தியின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 1.54 கிராம், அக்ரிலிக்கின் அடர்த்தி 1.17 கிராம் என்பதால், ஒத்த பருமனும் ஒத்த எடையும் கொண்ட இரு கண்டுகளில் பருத்திக்கண்டு நீளத்தில் குறைந்தே இருக்கும். அக்ரிலிக்கில் நான்கு கண்டு கேட்ட பின்னல் குறிப்புக்குப் பருத்தியிலும் நான்கு கண்டு வாங்கியவர், கடைசி வரிசைகளுக்காக மீண்டும் கடைக்கு ஓடுகிறார். அங்கே அவரை எதிர்கொள்வது டை லாட் என்னும் எண், அதாவது ஒரே தடவையில் ஒரே சாயத்தொட்டியில் தோய்ந்த நூல்களுக்கு இடப்படும் அடையாளம். நிறத்தின் பெயர் அதே மயில்நீலந்தான், நிற எண்ணும் அதேதான். தொட்டி மட்டும் வேறு. கடையின் குழல்விளக்கில் ஒன்றுபோல் தோன்றிய இரு நீலங்களும் வீட்டு முற்றத்து வெயிலில் விரித்ததும், எந்த வரிசையில் நூல் தீர்ந்தது என்பதை ஊருக்கே கோடு போட்டுக் காட்டுகின்றன. பருமன் எண்ணைப் பெரிதாக அச்சிடும் லேபிள், இந்த எண்ணை மட்டும் எறும்பு வாசிக்கும் அளவில் அச்சிடுவது ஏன்?

புதியவருக்கு உண்மையில் தேவைப்படுவது மிகச் சிறிய செய்தியே. வழவழப்பாக முறுக்கேறியதும், ஊசிமுனை பட்டால் புரிபிரியாததும், வெளிர்நிறமானதும், நடுத்தரப் பருமனுள்ளதுமான நூலை எடுத்து, 5 அல்லது 5.5 மில்லிமீட்டர் ஊசியோடு தொடங்கினால், எந்தக் கண்ணிக்குள் ஊசி நுழைய வேண்டும் என்பது கண்ணுக்குத் தெரியும். ஆனால் கடையின் முகப்பில் அடுக்கப்பட்டுப் புதியவரை அழைப்பவை கறுப்பு நூலும், பூனைவாலைப் போல் உப்பிய ஷெனீலும், மயிர் சிலிர்த்த மோஹேரும் ஆகும். கறுப்பில் கண்ணி தெரியாது. ஷெனீலில் விரலால் தடவியே கண்ணியைக் கண்டுபிடிக்க வேண்டும். மோஹேரில் பிழையாகப் பின்னியதைப் பிரிக்க முயன்றால் மயிரோடு மயிர் சிக்கி, பிழை நிரந்தரமாகும். இம்மூன்றின் லேபிள்களிலும் எண்கள் மிகச் சரியாகவே அச்சிடப்பட்டிருக்கின்றன.

ஆகவே, நூலைப் பிரித்து மீண்டும் பின்னுவதை எத்தனை முறை அது பொறுக்கும் என்பதையும், இரவு ஒன்பது மணிக் குழல்விளக்கில் கண்ணி தெரியுமா என்பதையும் லேபிளில் குறிப்பிட ஆவன செய்யுமாறும், கிராமுக்கு அருகிலேயே மீட்டரையும் அதே பருமனான எழுத்தில் அச்சிட வலியுறுத்துமாறும், பூஜ்யத்துக்குள் அடைபட்ட பருத்தி நூல்களைத் தனித்தனியே பிரித்தறிய வழிசெய்யுமாறும், அதற்கு எண்கள் போதாவிடில் –1, –2 எனப் பூஜ்யத்துக்குக் கீழே இறங்கவும் விண்ணப்பதாரர்களுக்கு ஆட்சேபணை இல்லை என்றும் பணிவுடன் தெரிவித்துக்கொள்ளப்படுகிறது.

இங்ஙனம்,
குரோஷா ஊசியைப் புதிதாகக் கையில் எடுத்தோர்.

இணைப்பு: கேஜ் பார்க்கப் பின்னிய சதுரம் ஒன்று (சரிவகம்), லேபிள் கழன்ற, நுனி கருகிய நூல்கண்டு ஒன்று. இதன் எண் மூன்றா நான்கா எனத் திரும்பும் தபாலில் தெரிவிக்க வேண்டப்படுகிறது. மீதி நூலையும் அனுப்பிவைத்தால், பாதியில் நிற்கும் தொப்பியை முடிக்க உதவும்.