காத்தாடிக்கு நுனியில் கண் வேண்டும்

கேள்வி: நுனிப்புல் மேயாதே என்று மாணவர்களுக்குச் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டேன். காற்றாலைக்காரர்கள் மட்டும் எப்போது பார்த்தாலும் இறக்கையின் நுனியைப் பற்றியே பேசுகிறார்களே, ஏன்? (ஓர் ஆசிரியர், வள்ளியூர்)

பதில்: மகசூல் முழுக்க அங்கேதான் சார்! ஒரு வட்டத் தோசையை எடுத்துக்கொள்ளுங்கள். நடுப்புள்ளியிலிருந்து ஓரம்வரை உள்ள தூரத்தை மூன்றாகப் பிரியுங்கள். வெளிவளையத்தில் மட்டும் 56 சதவீதத் தோசை இருக்கும். இறக்கை சுற்றும் வட்டத்துக்கும் இதே கணக்கு. நீளத்தில் கடைசிப் பத்தில் ஒரு பங்கு மட்டுமே 19 சதவீதப் பரப்பை வளைத்துப்போடுகிறது. அடிப்பக்கம் தடிமனாக இருப்பது பாரம் தாங்குவதற்கு. சம்பாதிப்பது நுனிப்பக்கம். சம்பாத்தியம் ஒழுகுவதும் அதே நுனியில்தான்.

கேள்வி: அப்படியென்றால் நுனியை நன்றாக அகலப்படுத்தி, இன்னும் கொஞ்சம் காற்றைப் பிடிக்க வேண்டியதுதானே? கஞ்சத்தனமா? (பாலிடெக்னிக் மாணவர், நாகர்கோவில்)

பதில்: பிடிக்கப் போனால் நழுவும், தம்பி. இன்றைய காற்றாலை இறக்கையைக் காற்று நேராகத் தள்ளிச் சுற்றுவதில்லை. விமானத்தின் இறக்கையைத் தூக்கும் அதே விசைதான் இதையும் இழுத்துச் சுற்றுகிறது. அதற்கு ஒரு முகத்தில் அழுத்தம் கூடவும், மறுமுகத்தில் குறையவும் வேண்டும். இறக்கையின் நடுப்பகுதியில் இரண்டு முகங்களுக்கும் நடுவே இறக்கையே தடுப்பாக நிற்கிறது. நுனியைத் தாண்டினால் தடுக்க ஆளில்லை. அழுத்தம் கூடிய பக்கத்துக் காற்று நுனியைச் சுற்றிக்கொண்டு அடுத்த பக்கம் ஓடிவிடும். இந்த ஓட்டம் ஒரு சுழலாக முறுக்கிக்கொண்டு பின்னால் போகிறது. தண்டைச் சுற்ற வேண்டிய ஆற்றலில் ஒரு பங்கு அதோடு கிளம்பிவிடுகிறது. போகிற சுழல் சும்மாவும் போகாது. பக்கத்துப் பகுதியில் காற்று வந்து மோதும் கோணத்தையும் மாற்றி, அங்கேயும் இழுவிசையைக் குறைத்துவிட்டுப் போகும்.

நுனியில் பாரத்தை ஏற்ற ஏற்றச் சுழல் வலுக்கும். அதனால் அகலத்தைப் படிப்படியாகக் குறைத்து, முறுக்கையும் கவனமாக அமைத்து, நுனிக்கு வரும்போது விசை மெதுவாகப் பூஜ்யத்துக்கு இறங்கும்படி செய்கிறார்கள். நுனி அதிவேகமாக ஓடுவதால் அந்தக் குறுகிய அகலமே போதுமானது.

காற்றின் ஆற்றலில் 59.3 சதவீதத்துக்கு மேல் எந்தக் காற்றாலையாலும் எடுக்க முடியாது என்று கணக்குப் போட்டவர் ஜெர்மனியின் ஆல்பர்ட் பெட்ஸ். அந்தக் கணக்கில் நுனி இழப்பு கிடையாது. சில இறக்கைகளே உள்ள இயந்திரத்தில் நுனியில் எவ்வளவு குறையும் என்று 1919-ல் ஒரு சூத்திரம் தந்தவர் லுட்விக் பிராண்டில். கணினி இல்லாத காலத்தில் காகிதத்தில் போட்ட சூத்திரம்! இறக்கை வடிவமைக்கும் மென்பொருள்களில் இன்றும் அது வேலை செய்கிறது. எனக்கு இது தீராத ஆச்சரியம்.

கேள்வி: கண்ணுக்குத் தெரியாத சுழலை நம்பச் சொல்கிறீர்களே, பார்த்தவர் உண்டா? (வாசகர், கோவில்பட்டி)

பதில்: உண்டு. அமெரிக்காவில் நாசாவின் ஏம்ஸ் மையத்தில் 24 மீட்டர் உயரமும் 36 மீட்டர் அகலமும் கொண்ட காற்றுச் சுரங்கம் இருக்கிறது. 2000-ல் 10 மீட்டர் விட்டமுள்ள காற்றாலையை அதற்குள் நிறுத்தி, இறக்கை நுனியிலிருந்து புகை விட்டார்கள். புகை திருகுச்சுருளாகப் பின்னால் நீண்டது.

கேள்வி: விமான இறக்கையின் நுனியை மேலே மடக்கி வைத்திருக்கிறார்களே, அதைக் காத்தாடிக்கும் செய்தால் என்ன? (வாசகி, தென்காசி)

பதில்: செய்திருக்கிறார்கள். விமானத்தில் அந்த மடக்கு நுனியை 1970-களில் ஆராய்ந்து நிலைநாட்டியவர் நாசாவின் ரிச்சர்ட் விட்கோம்ப். காற்றாலையில் ஜெர்மனியின் எனர்கான் நிறுவனம் நுனி மடங்கிய இறக்கைகளை விற்பனைக்கே கொண்டுவந்தது. மடக்கினால் சுழல் தளரும், மின்சாரம் கொஞ்சம் கூடும். ஆனால் மடக்குவதற்குச் செலவிடும் அதே நீளத்தை நேராக நீட்டினால் பெரும்பாலும் அதைவிடக் கூடுதலாகக் கிடைக்கிறது. விமானத்துக்கு நிலையத்தில் நிற்கும் இடம் அளந்து கொடுக்கப்படும். இறக்கையை இஷ்டத்துக்கு நீட்ட முடியாது. வெட்டவெளியில் நிற்கும் காற்றாலைக்கு அந்த நெருக்கடி குறைவு. விட்டத்தைக் கூட்ட முடியாத இடத்தில் மட்டும் மடக்கலாம் என்பது என் கருத்து.

கேள்வி: ராத்திரி பூராவும் 'உஷ்... உஷ்...' என்று காத்தாடி யாரையோ அதட்டுகிறது. யாரை? (இல்லத்தரசி, பணகுடி)

பதில்: உங்களை இல்லை அம்மா! 140 மீட்டர் விட்டமுள்ள காற்றாலை நிமிடத்துக்கு 12 சுற்று சுற்றினால், பார்க்க நிதானமாகத்தான் தெரியும். நுனியோ மணிக்கு 300 கிலோமீட்டரைத் தாண்டி ஓடுகிறது. இறக்கையின் பின்விளிம்பை விட்டுக் காற்று பிரியும் இடத்தில் இந்தச் சத்தம் பிறக்கிறது. வேகம் கூடினால் சத்தத்தின் ஆற்றல் ஏறத்தாழ ஐந்தாம் அடுக்கில் கூடும். திருப்பிப் பார்த்தால் நல்ல சேதி: நுனி வேகத்தை 10 சதவீதம் குறைத்தாலே சத்த ஆற்றல் 40 சதவீதம் அடங்கும். ஆந்தையின் சிறகோரத்தைப் பார்த்து, பின்விளிம்பில் ரம்பப் பல் போன்ற பட்டைகளை ஒட்டுகிறார்கள். அதுவும் பலன் தருகிறது. ஊரை ஒட்டி நிற்கும் இயந்திரங்களில் இதைக் கட்டாயமாக்க வேண்டும். மின்சாரம் நாட்டுக்கு, தூக்கக்கேடு பணகுடிக்கு என்று பங்கு பிரிப்பது நியாயமில்லை.

கேள்வி: முப்பந்தல் வழியாகப் போகும்போது பார்த்தேன். பழைய காத்தாடி ஒன்றின் மூன்று நுனிகளும் குறுக்கே திரும்பி நின்றன. சுளுக்கா? (லாரி ஓட்டுநர், திருநெல்வேலி)

பதில்: அது பிரேக், அண்ணாச்சி! உங்களுக்குத்தான் இது சட்டென்று புரியும். பழைய சிறிய ரகங்கள் பலவற்றில் இறக்கை அச்சோடு இறுக்கிப் பொருத்தப்பட்டது, திரும்பாது. அதனால் நுனித்துண்டை மட்டும் தனியாகச் செய்து, ஹைட்ராலிக் அழுத்தத்தால் உள்ளே இழுத்துப் பிடித்திருப்பார்கள். மின்கம்பியில் கரன்ட் போனாலோ, சுழற்சி எல்லை மீறினாலோ அழுத்தம் விடுபடும். சுழலும் வேகமே நுனியை வெளியே தள்ள, அது திருகி 90 டிகிரி திரும்பிக் காற்றுக்குக் குறுக்கே நிற்கும். பம்பு வேலை செய்யாவிட்டாலும் பிரேக் பிடிக்கும். அருமையான யோசனை!

ஆனால் நுனித்துண்டுக்கும் இறக்கைக்கும் நடுவே ஓர் இடுக்கு இருக்கும். மகசூல் மிகுந்த இடத்தில் ஓர் ஒழுக்கு, சில நேரம் விசில் சத்தமும் சேர்ந்து. புதிய இயந்திரங்களில் முழு இறக்கையும் அடியிலிருந்தே திரும்புவதால் அந்த இடுக்கு ஒழிந்தது. நாட்டிலேயே அருமையான காற்று வரும் ஆரல்வாய்மொழிக் கணவாயில் பழைய இயந்திரங்கள் இடத்தைப் பிடித்து நிற்பது எனக்கு வருத்தம் தருகிறது. மாற்ற வேண்டும், சீக்கிரம்.

கேள்வி: ஜெட் எஞ்சினுக்குள் இருக்கும் டர்பைனுக்கும் இந்த நுனித் தொல்லை உண்டா? (பொறியியல் மாணவி, திருச்சி)

பதில்: அங்கே இன்னும் கடுமை. நுனியைச் சுற்றிக் கூடு இருக்கும். நுனிக்கும் கூட்டுக்கும் நடுவே உள்ள மயிரிழை இடைவெளியில் கொதிக்கும் வாயு வேலை செய்யாமல் நழுவிவிடும். பெரிய எஞ்சினின் உயர் அழுத்த டர்பைனில் இந்த இடைவெளியைக் கால் மில்லிமீட்டர் குறைத்தால் ஏறக்குறைய 1 சதவீத எரிபொருள் மிச்சம். ஒரேயடியாக ஒட்டிவைக்கவும் முடியாது. சூட்டிலும் சுழற்சியிலும் இறக்கை நீண்டு கூட்டில் உரசிவிடும். அதனால் நுனியில் பள்ளம் தோண்டி, சுற்றிலும் மெல்லிய விளிம்பு விடுகிறார்கள். உரசினாலும் விளிம்புதான் தேயும். நழுவும் வாயுவும் பள்ளத்தில் விழுந்து தடுமாறும். விமானம் உயரத்தில் சீராகப் பறக்கும்போது கூட்டின் வெளிப்புறத்தில் குளிர்ந்த காற்றை ஊதி அதைச் சுருங்க வைப்பதும் உண்டு. கூட்டைச் சுருக்கி இடைவெளியை அடைக்கும் அந்தத் தந்திரத்துக்கு ஒரு சபாஷ்!

கேள்வி: எனக்குச் சொந்தமாக இரண்டு காற்றாலைகள். நுனிக்குப் புது உறை மாட்டலாம் என்று கம்பெனிக்காரர்கள் வருகிறார்கள். மாட்டவா? (வாசகர், உடுமலைப்பேட்டை)

பதில்: முதலில் இருக்கிற நுனியைப் பாருங்கள். மழைத்துளியும் மண்ணும் அந்த வேகத்தில் மோதி முன்விளிம்பை அரித்துவிடும். சொரசொரப்பான விளிம்பில் காற்று வழுக்கி ஓடாது. ஆண்டு உற்பத்தியில் சில சதவீதம் அப்படியே போய்விடும். பூச்சும் பாதுகாப்புப் பட்டையும் புது உறையைவிட முந்திய செலவாக இருக்கட்டும். நுனியில் நீர் வடியும் சிறு துளை அடைபட்டிருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். உள்ளே தேங்கிய நீர் இடி விழும்போது ஆவியாகி இறக்கையையே பிளந்துவிடும். இடிதாங்கி வட்டும் அதன் கம்பியும் தொடர்பில் இருக்கின்றனவா என்பதையும் சோதியுங்கள்.

இத்தனைக்கும் பிறகு உறை மாட்டினால், மாத யூனிட் கணக்கை மட்டும் வைத்து லாபம் பார்க்காதீர்கள்; இந்த மாதம் காற்றே கூடுதலாக அடித்திருக்கலாம். ஒரே காற்று வேகத்தில் மாட்டுவதற்கு முன் எத்தனை கிலோவாட், மாட்டிய பின் எத்தனை என்று ஒப்பிட்டுக் காட்டச் சொல்லுங்கள். காட்டத் தயங்குகிறவரிடம் காசோலை கொடுக்க வேண்டாம்.