அண்ணாச்சி வண்டி பார்க்கிறார்

நாகர்கோவிலில் எந்தத் தெருவை எடுத்தாலும் இப்படி ஒரு அண்ணாச்சி உண்டு. சொந்தமாகக் கார் கிடையாது. போக வர ஒரு பழைய ஸ்கூட்டர்தான். ஆனால் தெருவில் யாராவது பழைய ஸ்கார்ப்பியோவோ சஃபாரியோ வாங்கப் போகிறார்கள் என்றால், பெண் பார்க்கப் போகும்போது தாய்மாமன் மாதிரி, அவர் வந்தாக வேண்டும். வந்து "ம்" என்று சொல்லாமல் அட்வான்ஸ் கைமாறாது.

வண்டி முன்னால் போய் நின்றதும் முதல் வேலையாக டயரை ஒரு உதை விடுவார். எதற்கு என்று இதுவரை யாரும் கேட்டதில்லை. அடுத்தது கதவு. திறந்து, ஓங்கிச் சாத்தி, காதைக் கொடுத்துக் கேட்பார். "சத்தத்தப் பாத்தியா மக்கா? அந்தக் காலத்துத் தகரம்லா!" அப்புறம் பானட்டைத் தூக்கச் சொல்வார். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு எஞ்சினைப் பார்ப்பார். எஞ்சினும் அவரைப் பார்க்கும். இருவருக்கும் முன்பின் பழக்கமில்லை.

புரோக்கர் இதற்குள் ஆரம்பித்திருப்பார்: "டாக்டர் வண்டி அண்ணாச்சி. ஒரே கை." இந்த மாவட்டத்தில் விற்பனைக்கு நிற்கும் டாக்டர் வண்டிகளை எண்ணினால் வீட்டுக்கு ஒரு டாக்டர் தேறுவார்.

அண்ணாச்சி பார்க்காத இடங்களில்தான் சமாச்சாரம் இருக்கிறது. போனவுடன் பானட் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்க்க வேண்டும். சூடாக இருந்தால், நீங்கள் வருவதற்கு முன்பே ஓட்டி வைத்திருக்கிறார்கள். மறுநாள் காலை வருகிறேன் என்று திரும்பிவிடுவது உத்தமம். சூடான டீசல் எஞ்சின் எதையும் காட்டிக்கொடுக்காது. ஹீட்டர் பிளக் போனது, கம்ப்ரஷன் குறைந்தது எல்லாம் காலையில் முதல் ஸ்டார்ட்டில்தான் தெரியும். புகையையும் அப்போதே பார்த்துவிடலாம். நீலமாக வந்தால் ஆயில் எரிகிறது. கருப்பென்றால் இன்ஜெக்டரையும் டர்போவையும் சந்தேகப்பட வேண்டும். வெள்ளைப் புகை நிற்காமல் வந்து, கூலண்டும் குறைந்துகொண்டே போனால் ஹெட் கேஸ்கட். அண்ணாச்சிக்கு மூன்று நிறமும் ஒன்றுதான். "டீசல் வண்டின்னா பொகை வரத்தாம்லே செய்யும்!"

எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஆயில் ஊற்றும் மூடியைத் திருகி, எடுக்காமல் அப்படியே வாய்மேல் வைத்துப் பாருங்கள். பழைய டீசலில் லேசாக ஆவி வருவது சகஜம். குபுகுபுவென்று புகை தள்ளி, மூடி துள்ளி ஆடினால் பிஸ்டன் ரிங் தேய்ந்துவிட்டது. எஞ்சின் இறக்கும் செலவு லட்சத்தில் பேசும். மூடியின் அடியில் பால்காப்பி நிறத்தில் பசை ஒட்டியிருந்தால் ஆயிலில் தண்ணீர் கலந்திருக்கிறதா என்று மெக்கானிக்கைப் பார்க்கச் சொல்லாமல் நகரக் கூடாது.

நம் ஊரில் இதைவிடப் பெரிய வியாதி துரு. 1994-ல் வந்த சுமோ, 1998-ல் வந்த சஃபாரி, 2000-ல் வந்த குவாலிஸ், 2002-ல் வந்த ஸ்கார்ப்பியோ எல்லாமே சேசிஸ் மேல் பாடியை உட்காரவைத்த வண்டிகள். கதவு இற்றால் வேறு கதவு மாட்டலாம். சேசிஸ் இற்றால் என்ன செய்வது? குளச்சல், முட்டம் பக்கம் வீட்டு முற்றத்தில் உப்புக்காற்று வாங்கி நின்ற வண்டிக்கு மேலே பாலிஷ் மினுங்கும், கீழே செதில் செதிலாக உதிரும். விற்கிறவர்கள் அடியில் புதுசாகக் கருப்பு பெயிண்ட் அடித்துவிடுவார்கள். சின்ன ஸ்பேனரால் தட்டிக்கொண்டே போனால் நல்ல இரும்பு கணீரென்று சொல்லும்; இற்ற இடம் மொத்தென்று கேட்கும். பின் ஷாக் அப்சார்பர் பிடிக்கும் இடத்தையும் ஒட்டு வெல்டிங்கையும் விட்டுவிட வேண்டாம். 2021 நவம்பர் வெள்ளத்தில் மாவட்டத்தில் பல ஊர்கள் மூழ்கின. அதில் வண்டியும் குளித்ததா என்று அறிய சீட் பெல்ட்டை முழுக்க வெளியே இழுத்துப் பார்த்தால் போதும். சேற்றுக்கோடு அங்கே தங்கியிருக்கும்.

ஓட்டிப் பார்க்க அண்ணாச்சி தேர்ந்தெடுப்பது நேரான நாலுவழிச் சாலை. கூடாது. மேடு வேண்டும். தக்கலை, மார்த்தாண்டம் பக்கம் மேட்டுக்கா பஞ்சம்? எஞ்சின் இரைந்தும் வண்டி ஏறவில்லையென்றால் கிளட்ச் வழுக்குகிறது. கிளட்ச்சை விடும்போது அடியில் "டொக்" என்றால் புரொப்பெல்லர் ஷாஃப்ட்டில் கிராஸ் ஆடுகிறது. பின்கண்ணாடியில் ஃபோர் பை ஃபோர் ஸ்டிக்கர் இருந்தால், உள்ளே அதற்கான லீவரோ சுவிட்சோ இருக்கிறதா என்று முதலில் தேடுங்கள். இருந்தால் மண் தரையில் போட்டுப் பாருங்கள். தார் ரோட்டில் போடாதீர்கள்.

15 வருஷம் தாண்டிய வண்டிக்கு ஆர்.சி. புதுப்பித்திருக்கிறதா, களியக்காவிளைக்கு அந்தப் பக்கத்துக் கேரள நம்பர் என்றால் என்.ஓ.சி. உண்டா, இங்கே வரி எவ்வளவு கட்ட வேண்டும், இதெல்லாம் விலை பேசுவதற்கு முன்.

விலை பேச ஆரம்பித்ததும் அண்ணாச்சி வேறு ஆள் ஆகிவிடுவார். புரோக்கர் தொகையைச் சொன்னதும் பதில் பேசாமல் துண்டை உதறித் தோளில் போட்டு, "வா மக்கா, போலாம்" என்று நாலு எட்டு நடப்பார். ஐந்தாவது எட்டுக்குள் பத்தாயிரம் இறங்கும். டீக்கடை வரை நடந்தால் இன்னும் இறங்கும். இந்தத் திறமை எந்த மெக்கானிக்குக்கும் வராது.

ஆகவே அண்ணாச்சியைக் கட்டாயம் கூட்டிப்போங்கள். கூடவே ஒர்க்‌ஷாப் பையன் ஒருவனையும், டார்ச் லைட்டையும், ஒரு கிழிந்த பாயையும் எடுத்துக்கொள்ளுங்கள். வண்டிக்கு அடியில் படுக்க வேண்டியது நீங்களும் அந்தப் பையனும்தான். அண்ணாச்சி கட்டியிருப்பது வெள்ளை வேட்டி.