டாக்டர் முன்னால மட்டும் நிமிர்ற மாப்ளைக்கு

வாங்க மாப்ளே, இப்படித் திண்ணையில உக்காருங்க. உங்க இடுப்புல ஆஸ்பத்திரியில கட்டிவிட்ட பெல்ட்டைப் பத்தித்தான் ஊரே பேசுது. "அது என்ன ஒட்டுக்கேக்குற மிசினா?"ன்னு எதுத்த வீட்டுக் கெழவி கேட்டா. "ஆமா, மாப்ளை எத்தனை தடவை டீக்கடைக்குப் போறாருன்னு என் தங்கச்சிக்குச் சொல்லிரும்"னு அடிச்சுவிட்டேன். அன்னையிலருந்து உங்களக் கடைப் பக்கமே காணோமே, என்ன சங்கதி?

பயப்படாதீங்க, அதுக்குக் காதும் கெடையாது, கண்ணும் கெடையாது. பிசியோதெரபி படிக்கிற என் பேத்தி சொன்னா: கொத்தனார் தொங்கவிடுற தூக்குக்குண்டு மாதிரி, பூமி எந்தப் பக்கம் இழுக்குதுன்னு மட்டும் அதுக்குத் தெரியுமாம். அதை வச்சு உங்க முதுகு எத்தனை டிகிரி சாஞ்சிருக்குன்னு கணக்கு எழுதிக்கும். கழுத்துக்குக் கீழ இன்னொண்ணு ஒட்டினா, வளையுறது இடுப்பா மேல்முதுகான்னும் பிரிச்சுச் சொல்லிரும்.

"நான் நேராத்தான நிக்கிறேன்"னு நீங்க சத்தியம் பண்றது பொய்யில்ல மாப்ளே. உங்களுக்கு வந்திருக்குற பார்க்கின்சன் நோய் வந்தா, தன் உடம்பு எப்படி நிக்குதுங்குற நெதானமே பெசகிப் போகும். பக்கவாட்டுல சாயுறதுக்கு டாக்டருங்க பைசா சிண்ட்ரோம்னு இத்தாலிக் கோபுரத்துப் பேரை வச்சிருக்காங்க. கோபுரமே இப்ப சுமார் 4 டிகிரிதான் சாஞ்சிருக்கு. மனுசன் 10 டிகிரியைத் தாண்டினாத்தான் அந்தப் பேரு! உங்களுக்கு டிக்கெட் போட்டா நல்ல வசூலு.

ஆனா ஆஸ்பத்திரியில நீங்க பண்ற கூத்து இருக்கே! டாக்டர் தலையைக் கண்டதும் நெஞ்சை நிமித்துறீங்க. அவரும் "பரவாயில்லையே"ன்னு எழுதிக்கிறாரு. வெளிய வந்து செருப்பு மாட்டுறதுக்குள்ள பழைய கூன் வந்துருது. 1817ல லண்டன்ல ஜேம்ஸ் பார்க்கின்சன் இந்த நோயைப் பத்தி எழுதினப்ப, ஆறு பேரை வச்சுத்தான் எழுதினாரு. அதுல சில பேரு அவரு தெருவுல பாத்தவங்க. வெவரமான மனுசன்! தெருவுல போறவன் டாக்டருக்காக நிமிரவா போறான்? அவரு தெருவுல பாத்ததைத்தான் இந்த பெல்ட்டு உங்க வீட்டுல பாக்குது.

அதனால அதை ஏமாத்தப் பாக்காதீங்க. குனிஞ்சா கிர்ருன்னு அதிருதுன்னு கழட்டி ஆணியில மாட்டிட்டீங்களாமே, தங்கச்சி சொன்னா. ஆணி நாள் பூரா ஆடாம அசையாம நிக்கும். டாக்டர் அந்தக் கணக்கைப் பாத்து, உங்களுக்கு நோயே இல்லம்பாரு. அவங்க காட்டின எடத்துலயே எறுக்கமாக் கட்டுங்க. வேட்டி நழுவி அதுவும் சேந்து திரும்பினா, நேரா நிக்கிறப்பவும் கோணல்னு எழுதிப்புடும். மாட்டுக்குப் புல்லுப் போடக் குனிஞ்சாக்கூட கூனுன்னு எழுதுற அசடுதான் அது.

இன்னொண்ணு, படுத்தா உங்க முதுகு நேராயிருதுல்ல? அது நல்ல சேதி, எலும்பு எறுகிப் போகலன்னு அர்த்தமாம்.

பெல்ட்டு நோயைத் தீக்காது. மாத்திரை வேகம் தணியுறப்பக் கூன் கூடுதா, இல்ல எப்பவும் ஒரே மாதிரியாங்குறதை அது காட்டும். அதுக்கு மாத்திரை போட்ட நேரம், குனிஞ்சு செஞ்ச வேலை ரெண்டையும் ஒரு நோட்டுல எழுதணும். எழுதுற வேலையை என் தங்கச்சிக்கிட்ட விடுங்க மாப்ளே, உங்க கணக்கு எனக்குத் தெரியும்.